அணையா அடுப்பும் அடுப்பேறாக் கனியும்

'அடுதல்' என்றொரு சொல் தமிழில் உண்டு. சமைத்தல் என்பது அதன் ஒரு பொருள்; கொல்லுதல் என்பது மற்றொரு பொருள். அடுப்பு, அட்டில், அடிசில் என்பன முதற்பொருளிற் பிறந்தவை. அடுபோர், அடுகளம் என்பன இரண்டாம் பொருளிற் பிறந்தவை. முப்பது ஆண்டுகளாக இச்சொல்லை மாணாக்கருக்குக் கற்பித்து வருகிறேன். ஒரு சொல் பல பொருள் குறித்து வருதல் மொழியின் இயல்பு என்று கூறி அப்பாற் செல்வதே என் வழக்கம். அச்சொல் ஒருநாள் என் உணவுத் தட்டுக்கே வந்து வழக்குரைக்கும் என்று நான் எண்ணியதில்லை.

வழக்குரைத்தவர் என் பழைய மாணாக்கர். கொழும்பிலே தொழில் புரிபவர். சென்ற ஆண்டு ஆனி மாதத்தின் தொடக்கத்தில், மழை விடாது பெய்த ஒரு மாலையில், வட்டவளைப் புகையிரத நிலையத்தில் இறங்கி என் இல்லத்துக்கு வந்தார். கையிலே ஒரு கூடை. கூடை நிறைய றம்புட்டான், மங்குஸ்தான், கொடித்தோடை. என் மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்தபோது கைகூப்பி மறுத்துவிட்டார்.

"நான்கு ஆண்டுகளாக அடுப்பில் ஏறிய எதையும் நான் உண்பதில்லை, ஐயா. பாலும் தயிரும் தேனும்கூட இல்லை. கனி, காய், கீரை, தேங்காய், முளைவிட்ட பயறு, இவ்வளவே. நீங்கள்தானே 'அடுதல்' என்பதற்குக் கொல்லுதல் என்றும் பொருள் சொன்னீர்கள்? சமைப்பதும் கொல்வதும் ஒன்று என்று முன்னோர் சொல்லிலேயே வைத்துவிட்டுப் போனார்கள். நாம்தான் கவனிக்கவில்லை."

ஆசிரியனை அவன் கற்பித்த பாடத்தாலேயே மடக்குவதினும் இனிய வெற்றி மாணாக்கனுக்கு வேறில்லை. நான் நகைத்தேன். ஆயினும் அவர் சொல் நெஞ்சிலே தங்கிவிட்டது. அதற்கு ஒரு காரணமும் இருந்தது. இரத்த அழுத்தம் ஏறியிருப்பதாகவும், உப்பையும் எண்ணெயையும் குறைத்துக் காய்கனிகளை மிகுத்து உண்ணவேண்டும் என்றும் மருத்துவர் ஒருவர் அதற்குச் சில நாளின் முன்னர்தான் எனக்குக் கூறியிருந்தார். மருந்தை விடாமலே, ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாள், தீத்தொடா உணவை உண்டு பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

கனிகளோடு கழிந்த நாட்கள்

முதற் பத்து நாட்கள் திருவிழாவைப் போலக் கழிந்தன. அது பழங்களின் பருவம். மல்வானையின் றம்புட்டானும் களுத்துறைப் பக்கத்து மங்குஸ்தானும் கினிகத்தேனை வழியாக மலையேறி வரும் காலம். குளிர்ந்த வட்டவளையில் இவை விளைவதில்லை. இவை கீழ்நாட்டின் வெம்மையும் ஈரமும் வேண்டுபவை. வீதியோரத்தில் குவியலாகக் கிடக்கும்போதே அவற்றின் செந்நிறம் மூடுபனிக்குள் தணலைப் போலத் தோன்றும்.

ஐம்பது வயது கடந்தும் ஒரு கனியை நின்று நோக்கி உண்டதில்லை என்பதை அந்நாட்களில்தான் உணர்ந்தேன். மங்குஸ்தானின் அடிப்புறத்திலே சிறு பூவின் வடிவில் ஒரு வடு இருக்கும். அதன் இதழ்களை எண்ணினால் உள்ளே எத்தனை சுளை என்பது தெரியும். ஆறு இதழ் என்றால் ஆறு சுளை, பிழைப்பதில்லை. ஆனைக்கொய்யாவோ மரத்திலே பழுப்பதில்லை. பறித்துக் கொணர்ந்து வைத்த பின்னரே அது கனியத் தொடங்கும். தூரியனைப் பற்றி என் மனைவியிடம் கேட்டால் வேறு கட்டுரை கிடைக்கும். அதனை வீட்டினுள்ளே வைக்கக்கூடாது என்பது அவள் தீர்ப்பு; அம்மழையிலே தாழ்வாரத்தில் நின்று உண்டேன்.

உடல் இலேசாயிற்று. நெடுநாளாக இருந்த மலச்சிக்கல் நீங்கிற்று. காலையிலே பாடசாலை மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்குவது குறைந்தது. இவற்றையெல்லாம் மறைக்க மாட்டேன்.

மூன்றாம் வாரத்தில் வேறு சில உண்மைகளும் தோன்றின. இலங்கையில் மிகுந்த மழை பெறும் இடங்களுள் வட்டவளையும் ஒன்று. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் நாட்களில், ஈரம் சுவரில் ஊறி எலும்பிலும் ஊறும். அக்குளிரிலே சூடான எதுவும் உள்ளே செல்லாமல் இருப்பது எளிதன்று. இரவில் நெடுநேரம் கால்கள் சில்லிட்டிருந்தன. பணப்பையும் இலேசாயிற்று. சோற்றுக்கும் பருப்புக்கும் ஒரு வாரம் போதுமான தொகை, பழத்துக்கு மூன்று நாளில் கரைந்தது.

முன்னே நடந்தவர்கள்

இப்பாதையிலே என் மாணாக்கர் முதல்வர் அல்லர். காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவில் டால்ஸ்டாய் பண்ணையில் வாழ்ந்த காலத்தில், தம் நண்பர் காலன்பாக்கோடு பாலை விடுத்துப் பழமும் கொட்டையும் உண்டு வாழ்ந்தார். நிலக்கடலை, வாழைப்பழம், பேரீச்சம்பழம், எலுமிச்சை, ஒலிவ எண்ணெய் ஆகியவையே அங்கு உணவு. 1927-இல் இலங்கைக்கு வந்து சென்ற அவர், 1929-இல் மீண்டும் ஒரு சோதனையில் இறங்கினார். முளைவிட்ட கோதுமை, அரைத்த பாதாம், பச்சைக் கீரை, எலுமிச்சை, தேன் என்று அடுப்பில்லா உணவை ஆசிரமத்தாரோடு சில மாதங்கள் உண்டார். வயிற்றுக்கடுப்பு வந்து, உடல் நலிந்து, அதனைக் கைவிட்டார். தொடங்கியதையும் எழுதினார், தோற்றதையும் எழுதினார். சோதனை செய்வோர்க்கு வேண்டிய முதற்பண்பு அதுவன்றோ!

1944-இல் இங்கிலாந்திலே டொனால்ட் வாட்சன் என்பாரும் அவர் நண்பரும், பால், முட்டை முதலிய விலங்குப் பொருள் அனைத்தையும் விலக்கும் ஒரு சங்கம் கண்டனர். அந்நெறியை இந்நாளில் தமிழில் 'நனிசைவம்' என்கிறோம். அடுப்பையும் சேர்த்து விலக்குவது அதன் ஒரு கிளை.

இந்நெறியைப் பற்றி அறிவியல் கூறுவதையும் ஒளிக்காது சொல்லவேண்டும். 'பி 12' என்னும் உயிர்ச்சத்து நம்பத்தக்க அளவில் தாவர உணவில் இல்லை. அது குறைந்தால் குருதியும் நரம்பும் கெடும். ஆகையால் நனிசைவர் அதனை மாத்திரையாகவேனும் கொள்ளல் வேண்டும். ஜெர்மனியில் நெடுங்காலம் பச்சையுணவு உண்டோரை ஆராய்ந்து 1999-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், நாற்பத்தைந்து வயதுக்கு உட்பட்ட பெண்களுள் நூற்றுக்கு முப்பதின்மர் அளவில் மாதவிலக்குத் தடைப்பட்டோ முற்றும் நின்றோ இருந்தது கண்டறியப்பட்டது. உடல் மிக மெலிந்தமை அதனோடு தொடர்புற்றிருந்தது. ரிச்சர்ட் ராங்கம் என்னும் மானிடவியலறிஞர், தீயிலிட்டு உண்ணக் கற்றமையே மனிதனை மனிதனாக்கிற்று என்று 2009-இல் ஒரு நூலே எழுதினார்.

நம் மூதாட்டியர் இவ்வாய்வுகளைக் கற்றவர் அல்லர். ஆயினும் மரவள்ளிக் கிழங்கைப் பச்சையாகத் தின்னலாகாது என்பதையும், அவிக்கும்போது பாத்திரத்தின் மூடியைத் திறந்து வைக்கவேண்டும் என்பதையும் அறிந்திருந்தனர். அக்கிழங்கில் உள்ள நஞ்சு ஆவியோடு போவது அவ்வாறுதான். சேம்பைப் பச்சையாகக் கடித்தவன் நாக்கு அரிப்பெடுத்து அதன் பாடத்தைத் தானே கற்பான். தீ எல்லாவற்றையும் கொல்வதில்லை. சிலவற்றில் நம்மைக் கொல்ல வருவதைத்தான் கொல்கிறது.

இவ்வளவு அறிந்தும் நான் விடவில்லை. எடுத்த விரதத்தை முடிப்பதே ஆண்மை என்றிருந்தேன். முப்பத்தோராம் நாள் வந்தது.

ஒரு ரொட்டியின் வழக்கு

என் வகுப்பு மாணவி ஒருத்தி, சாதாரண தரப் பரீட்சைக்குச் சில மாதங்களே இருக்கையில், இரண்டு வாரமாக வரவில்லை. காரணம் அறிந்து வர அன்று மாலை அவள் இருந்த லயத்துக்குச் சென்றேன். தாய் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். தலையில் கட்டிய துணியிலிருந்து மழைநீர் வழிந்துகொண்டிருந்தது. தந்தை கொழும்பில் கூலி வேலை. தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமையால் பெண் நின்றுவிட்டாள்.

பேசிக்கொண்டிருக்கும்போதே அப்பெண் அடுப்பை மூட்டினாள். கோதுமை மாவும் தேங்காய்ப்பூவும் சேர்த்துத் தட்டிய ரொட்டி. அம்மியில் அரைத்த சம்பல். ஒரு கோப்பைச் சாயம். ஆவி பறக்க என் முன்னே வைத்தாள்.

"வேண்டாம் அம்மா. நான் இப்போது சமைத்ததை உண்பதில்லை. பழம் மட்டுமே உண்பது" என்றேன்.

தாயின் முகம் ஒரு நொடியில் மாறிற்று. அவள் சினக்கவில்லை, வருந்திக் கேட்கவும் இல்லை. மிகப் பழகிப்போன ஒன்றை மீண்டும் கண்டவள்போலப் பேசினாள்.

"பரவாயில்லைங்க ஐயா. எங்க மாமியார் சொல்லும், அந்தக் காலத்துல பெரியவங்க யாராச்சும் வீட்டுக்கு வந்தா பழந்தான் குடுப்போம், நாங்க சமைச்சதத் தொடமாட்டாங்கன்னு. இப்ப குடுக்க எங்ககிட்ட பழமும் இல்லீங்களே."

என் கல்வி முழுதும் அவ்விடத்தில் நாணிற்று. தமிழரிடையே சமைத்த உணவை மறுத்தல் என்பது வெறும் உணவு விருப்பமாக என்றும் இருந்ததில்லை. அரிசியையும் காயையும் பழத்தையும் எவர் கையிலிருந்தும் பெறலாம். தீயும் நீரும் பட்ட சோற்றை மட்டும் இன்னார் கையில் பெறலாகாது என்று சாதி வகுத்த சட்டம் நம் அடுக்களைகளிலே நூற்றாண்டுகளாக ஆண்டது. நான் சாதி பார்த்து மறுக்கவில்லை. ஆனால் என் மறுப்பு, அவள் குடும்பம் தலைமுறையாகக் கேட்ட மறுப்பின் குரலிலேயே ஒலித்தது. என் உள்ளத்தில் இருந்ததை அவள் எவ்வாறு அறிவாள்? அவள் கண்டது, தன் மகள் சுட்ட ரொட்டியைத் தொடாத கை ஒன்றே.

ரொட்டியை எடுத்துச் சம்பலில் தொட்டு உண்டேன். இரண்டாவதும் கேட்டு வாங்கினேன். முப்பத்தொரு நாளின் பின் சூடான தேநீர் தொண்டையில் இறங்கிற்று. அப்பெண் அடுத்த வாரம் பாடசாலைக்கு வந்தாள். பக்கத்து லயத்து முதியவள் ஒருத்தி தம்பியைப் பார்த்துக்கொள்ள இசைந்ததே அதற்குக் காரணம். ரொட்டிக்கு அப்பெருமை இல்லை. ஆனால் என் விரதம் அன்றோடு முடிந்தது.

மரம் இல்லாத முற்றம்

வீடு திரும்பும் வழியெல்லாம், அத்தாய் கூறிய இறுதி வாக்கியமே என்னோடு நடந்தது. கொடுக்கப் பழமும் இல்லை. ஏன் இல்லை?

கினிகத்தேனைப் பக்கம் இறங்கினால் சிங்களக் கிராமத்து வீடொவ்வொன்றையும் சூழப் பலாவும் ஈரப்பலாவும் மாவும் வாழையும் அடுக்கடுக்காக நிற்கும். பலாவுக்குச் 'சோற்றுமரம்' என்றே சிங்களத்தில் ஒரு பெயர் உண்டு. பாணந்துறையைச் சேர்ந்த ஆர்தர் வி. டயஸ் (1886–1960) நாடெங்கும் பலாக்கன்று நடும் இயக்கத்தை நடத்தி, மக்களால் 'கொஸ் மாமா', அதாவது பலா மாமா, என்று அழைக்கப்பட்டார். 2022-இன் பொருளாதார நெருக்கடியில் அரிசி வாங்க வழியற்ற எத்தனையோ குடும்பங்களுக்கு அத்தகைய மரங்களே சோறு போட்டன.

அங்கிருந்து சில மைல் மேலே ஏறினால் தேயிலை தொடங்கும். லயத்தின் முன்னே பத்தடி முற்றம்; அப்பால் வடிகான்; அதற்கப்பால் கம்பெனியின் தேயிலை. குளிர் இங்கே எல்லாப் பழத்தையும் விடாது என்பது மெய். ஆனால் கொய்யாவும் ஆனைக்கொய்யாவும் கொடித்தோடையும் மரத்தக்காளியும் இங்கு நன்றாகவே வளரும். வளர்க்க மண்தான் இல்லை. பலாக்கன்று காய்க்கச் சில ஆண்டுகள் செல்லும். அவ்வளவு காலமும் இம்மண் நமக்குரியது என்னும் உறுதி இருந்தால் அன்றோ ஒருவன் கன்று நடுவான்? 1948-இன் குடியுரிமைச் சட்டம் அவ்வுறுதியைப் பறித்தது. 1964-இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஊரையே இரண்டாகப் பிரித்து ஒரு பகுதியைக் கப்பலேற்றிற்று. எஞ்சியோர்க்குக் குடியுரிமை முற்றாகக் கிடைக்க 2003-இன் சட்டம் வரவேண்டியிருந்தது. நாளை யார் போவார், யார் இருப்பார் என்று தெரியாத முற்றத்தில் எவர் மரம் நடுவார்?

நாம் 'அயல்நாட்டுப் பழம்' என்று வியப்பவற்றையும் எண்ணிப் பாருங்கள். றம்புட்டான் மலாய்ச் சொல். மயிருடையது என்பது பொருள். தூரியனும் மலாய்ச் சொல்லே. முள்ளுடையது என்பது பொருள். மங்குஸ்தானும் அப்பக்கத்ததே. நம்முடையவை என்று நாம் எண்ணும் கொய்யா, அன்னாசி, பப்பாசி ஆகியவையோ அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்தவை. தேயிலையும் வந்ததே. வந்த மரத்தையெல்லாம் இம்மண் வேரூன்ற விட்டது. எவ்வூர் என்று கேட்டு எதனையும் அது திருப்பி அனுப்பவில்லை. மரத்துக்குக் கிடைத்த அவ்வுரிமை மனிதனுக்குக் கிடைக்கவே ஐந்தரைப் பதிற்றாண்டுகள் சென்றன.

பழம் என்பது மலையகத்தில் நாவுக்கு இன்பம் மட்டும் அன்று. 2016-இன் நாடளாவிய கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுள் வயதுக்கேற்ற உயரம் இல்லாதோர் இலங்கை முழுவதிலும் நூற்றுக்கு 17 அளவினர். தோட்டப்புறத்திலோ நூற்றுக்கு 32 அளவினர். பெண்களிடத்தில் சோகையும் மிகுதி. ரொட்டியும் சாயமும் ஒருங்கே உண்பது அதனை மேலும் மிகுவிக்கும். தேயிலையின் துவர்ப்பு, உணவிலுள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்காதவாறு தடுப்பது. கொய்யாவிலுள்ள 'சி' உயிர்ச்சத்தோ ஏற்கச் செய்வது. ஒரு கொய்யாவில், அதே எடையுள்ள தோடம்பழத்தைப்போல நான்கு மடங்கு அச்சத்து உண்டு. உலகத்துக்கெல்லாம் தேநீர் தருபவளுக்குத் தேநீரால் விளையும் தீங்கைத் தீர்க்க, வாயிலில் ஒரு கொய்யா மரம் வேண்டும். தேநீரை உண்ட உடனே பருகாது ஒருமணி நேரம் கழித்துப் பருகுதலும் வேண்டும். இவற்றுக்குப் பெருஞ்செலவு இல்லை. அண்மைக் காலத்து வீடமைப்புத் திட்டங்களில் குடும்பமொன்றுக்கு ஏழு பேர்ச்சஸ் காணி என்று வகுத்தனர். பெற்றவர் சிலரே. பெற்றோர் வேலி போடுமுன் ஒரு கன்று நடுக என்பதே என் வேண்டுகோள். பெறாதோர்க்கு அக்காணி கிடைக்கச் செய்வது நம் அனைவரின் கடன்.

பக்குவம்

என் மாணாக்கருக்கு நான் இன்னும் ஒரு விடை கடன்பட்டிருக்கிறேன். அதனை இங்கே தருகிறேன்.

தம்பி, நீர் எடுத்துக்காட்டிய சொல் மெய்யே. அடுதல் கொலையையும் குறிக்கும். ஆனால் அறத்தின் வழக்கை ஒரு சொல்லின் சாட்சியத்தால் மட்டும் முடித்தல் ஆகாது. உயிர்க்கொலையை வெறுப்பதில் வடலூர் வள்ளலாரை விஞ்சியவர் யார்? புலால் மறுத்தலைத் தம் நெறியின் வாயிலாகவே வைத்தவர் அவர். அவர் 1867-ஆம் ஆண்டு மே மாதம் 23-ஆம் நாள் வடலூரிலே சத்திய தருமச்சாலையை நிறுவியபோது மூட்டியது ஓர் அடுப்பு. அது இன்றும் அணையவில்லை. சாதி கேளாது, ஊர் கேளாது, பசித்து வந்தவர் எவர்க்கும் அங்கே சோறு உண்டு. உயிர்க்கு இரங்கியவர் அடுப்பை அணைக்கவில்லை, அணையாமற் காத்தார். பழத்தை ஒருவன் தனியே பறித்துத் தனியே தின்னலாம். அடுப்பைச் சுற்றி மட்டும் பலர் அமர்ந்தேயாக வேண்டும்.

இன்னுமொரு சொல் இருக்கிறது. 'பக்குவம்' என்பது அது. வடமொழியிலிருந்து வந்து தமிழாகிவிட்ட சொல். சோறு வெந்து வருவதும் பக்குவம். கனி கனிந்து வருவதும் பக்குவம். மாங்காய்க்கு வெயில் அடுப்பு. அரிசிக்கு விறகு அடுப்பு. இரண்டும் தீயின் தொழிலே. இச்சொல் இரண்டையும் பகைக்கவில்லை. மனிதர்க்கும் அச்சொல்லையே வைத்தனர் நம் முன்னோர். முப்பத்தொரு நாள் கனி உண்டும் எனக்கு வராத பக்குவம், ஒரு ரொட்டியை மறுத்து, பின் உண்டபோதுதான் சிறிதே வந்தது.

இப்பொழுது காலையிலே எனக்குப் பழமும் தேங்காயும் முளைப்பயறும்தான். மருத்துவரும் அதற்கு உடன்பட்டிருக்கிறார். நண்பகலில் என் மனைவி அடுப்பில் வைத்ததை உண்கிறேன். எவர் வீட்டுக்குச் சென்றாலும் அவ்வீட்டில் வெந்ததை உண்கிறேன். அம்மாணவியின் லயத்து வடிகான் ஓரத்திலே, தேயிலைக்கும் முற்றத்துக்கும் இடையிலிருந்த இரண்டடி மண்ணில், அவளும் அவள் தம்பியும் சேர்ந்து ஒரு கொய்யாக்கன்று நட்டிருக்கிறார்கள். அம்மண் யாருடையது என்று இதுவரை எவரும் வந்து கேட்கவில்லை. கேட்குமுன் அது காய்த்துவிட வேண்டும்.